முகாமைத்துவமா, சமூக வரலாறா? அரநாயக்கவில் கேட்ட ஒரு கேள்வி

மாவனெல்லையிலிருந்து அரநாயக்கவுக்குப் போகும் பாதை ஏற ஏற இறப்பர் மரங்கள் குறைந்து தேயிலை தலைகாட்டத் தொடங்கும். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் லயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இளம்பெண் ஒருவர் இரண்டு விண்ணப்பப் படிவங்களை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். ஒன்று முகாமைத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமா. மற்றது சமூகவியலில் முதுமாணி.

அவர் வெளிவாரிப் பட்டம் முடித்தவர். அரச சார்பற்ற நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும், கொழும்பில் கடையொன்றில் நிற்கும் தம்பி அனுப்பியதையும் கூட்டினால் ஒரு படிப்புக்குத்தான் காசு தேறும். அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்க்கிறேன்.

"ரெண்டையும் சேத்துப் படிக்க ஏலாதாக்கா? கணக்கு, நிர்வாகம் எல்லாம் தெரியணும். ஆனா நம்ம சனத்தப் பத்தியும் ஒழுங்காப் படிக்கணும். அப்பிடி ஒரு படிப்பு எங்கயாச்சும் இருக்கா?"

ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றவள் நான். மலையகம் பற்றிப் பத்து வருடங்களாக எழுதுகிறேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. வீடு திரும்பித் தேடினேன். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது. இன்னொரு சமூகம் தனக்கென்று அதை உருவாக்கி, அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்தி வந்திருக்கிறது. அமெரிக்க யூதர்கள்தான் அந்தச் சமூகம். அந்தப் படிப்பு என்ன, ஏன் உருவானது, அதில் நமக்கு எடுக்கக்கூடியது என்ன, எடுக்கக்கூடாதது என்ன என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரை.

அதற்கு முன், அந்தக் கேள்வி ஏன் அரநாயக்கவில் எழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

2016 மே

2016 மே 17ஆம் திகதி மாலை, தொடர் மழைக்குப் பின்னர், அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அதே நாளில் கேகாலை மாவட்டத்தின் இன்னொரு மூலையில், புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. அங்கே புதையுண்டவை தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகள்.

அப்போது நான் செய்தி எழுதப் பழகிக்கொண்டிருந்த காலம். மழை விட்ட பிறகும் பல மாதங்கள் இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் அலைந்தேன். நிவாரணம் கொண்டுவந்தவர்களில் இரண்டு வகையினரை அந்த நாட்களில் நெருங்கிப் பார்த்தேன்.

முதல் வகைக்கு உதாரணம், கொழும்பிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தின் இளம் அதிகாரி. மடிக்கணினியில் அழகான அட்டவணை வைத்திருந்தார். ஒரு வீட்டு இலக்கத்துக்கு ஒரு பொதி என்பது அவருடைய விதி. தோட்டத்தில் ஒரு காம்பராவுக்குள் பெற்றோர், கல்யாணம் முடித்த மகன், கணவனை இழந்து திரும்பி வந்த மகள் என்று மூன்று அடுப்பு எரியும். இலக்கம் மட்டும் ஒன்று. மூன்று குடும்பத்துக்கு ஒரு பொதி கொடுத்துவிட்டு, அட்டவணையில் 'பூர்த்தி' என்று போட்டுக்கொண்டு போனார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். லயம் என்றால் என்ன என்பதை அவர் படித்த எந்த வகுப்பும் அவருக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது வகைக்கு உதாரணம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவந்த ஒரு பெரியவர். எந்த லயத்தில் எத்தனை அடுப்பு, எந்தக் குடும்பம் 1977இல் எங்கிருந்து ஓடி வந்தது, யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உதவி சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பற்றுச்சீட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நிதி தந்தவர்கள் கணக்காய்வு அறிக்கை கேட்டபோது கொடுக்க ஒன்றுமிருக்கவில்லை. நிதி நின்றது. மாலை வகுப்பும் நின்றது. இன்று என்னிடம் படிவங்களைக் காட்டிய பெண் அந்த மாலை வகுப்பில் படித்தவர்.

நிர்வாகம் தெரிந்தவருக்குச் சமூகம் தெரியவில்லை. சமூகம் தெரிந்தவருக்கு நிர்வாகம் தெரியவில்லை. இழப்பு இரண்டு தடவையும் தோட்டத்துக்குத்தான். அவருடைய கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

அவர்கள் ஏன் இப்படி ஒரு படிப்பைத் தொடங்கினார்கள்?

யூதர் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது இஸ்ரேல் அரசும் காஸாவும். அந்த அரசின் செயல்கள் குறித்து அமெரிக்க யூதர்களுக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. நான் இங்கே பேசுவது ஓர் அரசைப் பற்றியல்ல. புலம்பெயர்ந்து போன ஒரு சிறுபான்மைச் சமூகம் தன்னுடைய அநாதை இல்லங்களையும் மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் முதியோர் இல்லங்களையும் நடத்தக் கற்றுக்கொண்ட விதத்தைப் பற்றி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையகத்துக்கு யூதப் பெயர் புதிதல்ல. புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டம் இருக்கிறது. ரொத்சைல்ட் என்ற யூத வங்கியாளர் குடும்பத்தின் உறவினரான டி வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் கோப்பிக்காகத் தொடங்கிய தோட்டம் அது. ஆனால் நான் சொல்லப்போகும் படிப்பு அப்படிப்பட்ட செல்வந்தர்களின் தேவைக்காகப் பிறந்ததல்ல. 1880களிலிருந்து 1920கள் வரை கிழக்கு ஐரோப்பாவின் வறுமையிலிருந்தும் வன்முறையிலிருந்தும் தப்பி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கா போனார்கள். நியூயோர்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் தங்கித் தையல் வேலை செய்தவர்கள் அவர்களில் ஏராளம்.

வந்தவர்கள் ஊருக்கொரு சங்கம் அமைத்தார்கள். நோய்க்கு உதவி, மரணச் செலவு, கைமாற்று வட்டியில்லாக் கடன் என்று சிறு சிறு சங்கங்கள். அவை பெருகியபோது ஒரே வீட்டு வாசலில் பத்துப் பேர் நன்கொடை கேட்டு நிற்கும் நிலை வந்தது. 1895இல் பொஸ்டன் நகரில் யூதத் தர்ம அமைப்புகள் ஒன்றிணைந்து கூட்டமைப்பாகின. கூட்டாக நிதி திரட்டிக் கூட்டாகப் பகிர்வது என்பது ஏற்பாடு. பிற நகரங்களும் அதைப் பின்பற்றின.

கூட்டமைப்பு பெரிதானதும் புதிய சிக்கல் வந்தது. அதை நடத்தும் முழுநேர ஊழியர் யார்? தொழில்முறைச் சமூக சேவையாளருக்கு இந்த மக்களின் மொழியும் வழக்கமும் தெரியவில்லை. மக்களின் வழக்கம் தெரிந்த சமயப் பெரியவர்களுக்கு வரவு செலவுத் திட்டம் தெரியவில்லை. 1925இல் நியூயோர்க்கில் யூத சமூக சேவைக்கென்று ஒரு பட்டப்பின் கல்லூரி தொடங்கப்பட்டது. 1940இல் அது மூடப்பட்டது. முதல் முயற்சி பதினைந்து வருடம்தான் நிலைத்தது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த அலை 1960களின் இறுதியில் வந்தது. 1968இல் ஹீப்ரு யூனியன் கல்லூரி லொஸ் ஏஞ்சலிஸில் யூத சமூக சேவைக்கான கல்விக்கூடமொன்றைத் தொடங்கியது. பின்னாளில் அதன் பெயரே இலாப நோக்கற்ற நிறுவன முகாமைத்துவக் கல்விக்கூடம் என்று மாறியது. 1969இல் பிரண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஹோர்ன்ஸ்டைன் நிகழ்ச்சித்திட்டம் தொடங்கியது. அங்கே யூத சமூகத் தலைமைத்துவத்தில் ஒரு முதுமாணியும், அதே பல்கலைக்கழகத்தின் ஹெல்லர் கல்விக்கூடத்தில் இலாப நோக்கற்ற துறை சார்ந்த வணிக நிர்வாக முதுமாணியும் சேர்த்துப் பெறக்கூடியதாக இரட்டைப் பட்டம் அமைக்கப்பட்டது. நியூயோர்க் பல்கலைக்கழகம் பொது நிர்வாக முதுமாணியையும் ஹீப்ரு, யூதக் கற்கைகள் முதுமாணியையும் இணைத்தது.

இரட்டைப் பட்டம் என்பதன் பொருள் இதுதான்: இரண்டையும் தனித்தனியே படித்தால் எடுக்கும் காலத்தைவிடக் குறைந்த காலத்தில், சில பாடங்கள் இரு பட்டத்துக்கும் பொதுவாகக் கணக்கிடப்பட்டு, இரண்டு பட்டங்களும் கிடைக்கும். ஒரு பக்கம் நிதிக் கணக்கியல், நிதி திரட்டல், ஆளணி முகாமைத்துவம், பணிப்பாளர் சபையோடு வேலை செய்தல், செயற்றிட்ட மதிப்பீடு. மறுபக்கம் சமூக வரலாறு, பழைய நூல்கள், மொழி, இன்றைய சமூகத்தின் சனத்தொகையும் சமூகவியலும். நடுவில் ஏதாவதொரு சமூக நிறுவனத்தில் களப்பயிற்சி.

இரண்டு பேர் வசூலிக்க, மூன்று பேர் பகிர

'வரலாறும் பழைய நூலும் படித்தால் நிர்வாகத்துக்கு என்ன பயன்?' என்று கேட்கலாம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

தர்மத்துக்கு ஹீப்ருவில் 'செதாக்கா' என்று பெயர். நீதி என்ற பொருள்தரும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது அது. கொடுப்பவரின் இரக்கத்தைவிட, கொடுக்கவேண்டிய கடமையை அந்தச் சொல் முன்னிறுத்துகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் ஒரு விதி உண்டு: ஊர்த் தர்ம நிதியை இரண்டு பேர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூன்று பேர் சேர்ந்து பகிர வேண்டும். அதை விளக்கும் தல்மூத் காரணமும் சொல்கிறது. ஊர் மக்கள்மீது அதிகாரம் செலுத்தும் வேலையைத் தனியொருவரிடம் ஒப்படைக்கக்கூடாது; அதனால் வசூலுக்கு இருவர். யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது பண வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்வதைப் போன்றது. அதற்கு மூன்று நீதிபதிகள் வேண்டும், ஆகவே பகிர்வுக்கு மூவர்.

விதிகள் இன்னும் நுணுக்கமாகப் போகின்றன. வசூலிப்பவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிரிந்து நடக்கக்கூடாது. வசூலுக்குப் போகும் வழியில் காசு கிடந்து எடுத்தாலும் தன் மடியில் போடாமல் தர்மப் பையில் போட வேண்டும். பார்ப்பவர் தப்பாக நினைக்கக்கூடாது. உண்டியல் சில்லறையை மாற்ற வேண்டுமானால் பிறரிடம் மாற்ற வேண்டும், தானே மாற்றி எடுக்கக்கூடாது. இன்றைய முகாமைத்துவப் பாடநூல் 'உள்ளகக் கட்டுப்பாடு', 'நலன் முரண்பாடு' என்று தலைப்பிட்டுச் சொல்வது இதைத்தான்.

நிதியும் இரண்டு வகைப்பட்டது. 'கூப்பா' என்பது வாரத்துக்கு ஒருமுறை பகிரப்படும் காசு நிதி. அது அந்த ஊர் ஏழைகளுக்கு. 'தம்ஹுய்' என்பது அன்றாடம் சேர்த்து அன்றே பகிரப்படும் உணவு. அது எங்கிருந்து வந்த ஏழைக்கும். நம்மவர்க்கு ஒரு நிதி, யாருக்கும் ஒரு நிதி என்று அன்றே பிரித்திருக்கிறார்கள்.

முரண்பாடும் இருக்கிறது. நம்பிக்கைக்குரிய தர்ம அதிகாரிகளிடம் கணக்குக் கேட்கத் தேவையில்லை என்கிறது தல்மூத். பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் கிராகோ நகரில் வாழ்ந்த சட்ட அறிஞர் மோசே இஸ்ஸெர்லெஸ், அப்படியிருந்தாலும் அவர்களாகவே கணக்குக் காட்டுவது நல்லது என்று எழுதினார். நம்பிக்கைக்கும் கணக்காய்வுக்கும் இடையிலான இந்த இழுபறி அந்த மாலை வகுப்புப் பெரியவரின் பிரச்சினையேதான். அவரிடம் போய் 'கணக்காய்வு சர்வதேசத் தரம்' என்று சொன்னால், தன்னைக் கள்ளன் என்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். 'நம்ம வழக்கத்திலேயே இது இருக்கு' என்று காட்ட முடிந்தால் பேச்சு வேறு விதமாகப் போகும். இரட்டைப் பட்டத்தின் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் மைமோனிதிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். மிக உயர்ந்த படி, ஒருவருக்குக் கடனோ வேலையோ கூட்டுத் தொழிலோ கொடுத்து, அவர் பிறரிடம் கையேந்தாத நிலையை உண்டாக்குவது. 'வலுவூட்டல்' என்ற சொல்லை நிதி கோரும் ஒவ்வொரு பத்திரத்திலும் எழுதி அலுத்துப்போன நமக்கு, அதற்கு எண்ணூறு வருட முன்வரலாறு ஒன்று இருப்பது ஆச்சரியமாக இருக்கலாம்.

மரண சகாய சங்கத்துக் கொப்பி

நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பதில் அதே லயத்தில் இருந்தது.

அந்தப் பெண்ணின் தாய் தோட்டத்து மரண சகாய சங்கத்தின் பொருளாளர். ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்டும். சாவு விழுந்தால் பெட்டி, பந்தல், இரவு விழித்திருப்போருக்குத் தேநீர், சீனி, பிஸ்கட், காட்டுக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் அந்த நிதியிலிருந்து. சங்கத்தின் சொத்து ஒரு தகரப் பெட்டி, சில பாய்கள், ஒரு பெற்றோமக்ஸ் விளக்கு, பெரிய கேத்தல்கள், சில கொப்பிகள்.

வசூலுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன்.

"தனியா போறதில்லம்மா. நானும் செயலாளரும் சேந்துதான் போவோம். ஒத்த ஆளு போனா நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

பகிரும்போது?

"சாவு வீட்டுக்கு எவ்வளவுன்னு தலைவர், செயலாளர், நானு மூணு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் பெட்டியத் தொறப்போம்."

இருவர் வசூலிக்க, மூவர் பகிர. அந்த அம்மாவுக்கு மிஷ்னா தெரியாது. லயத்தில் வாழ்ந்த நான்கு தலைமுறை அவருக்கு அதைக் கற்றுத் தந்திருக்கிறது. அவர் நடத்துவது ஒரு இலாப நோக்கற்ற நிறுவனம். ஆனால் அவருடைய மகள் படிக்கப்போகும் எந்தப் பாடநெறியிலும் மரண சகாய சங்கம் ஓர் உதாரணமாக வரப்போவதில்லை. கோயில் திருவிழா வரி, சீட்டு, தொழிற்சங்கச் சந்தா, பால்ய நண்பர்கள் சேர்ந்து நடத்தும் வாசகசாலை என்று நம்முடைய நிறுவன அனுபவம் நீளமானது. அது பாடமாக எழுதப்படவில்லை.

இரண்டையும் இணைத்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள்

கோ. நடேசய்யரை நாம் தொழிற்சங்கவாதியாக, பத்திரிகையாளராக அறிவோம். இலங்கைக்கு வருமுன் அவர் தஞ்சாவூரில் 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகை நடத்தியவர். வணிகமும் கணக்கும் தெரிந்தவர். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளரின் நிலையைப் பார்த்து எழுதினார். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுகளால் தொழிலாளரைத் திரட்டினார். கணக்கும் பாட்டும் ஒரே இயக்கத்தில் இருந்தன.

சப்ரகமுவவுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது காந்தியம். 1977 ஓகஸ்ட் வன்முறையில் சப்ரகமுவ உள்ளிட்ட பகுதித் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வடக்கே போயின. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு வவுனியாப் பகுதியில் அவர்களுக்குக் குடியிருப்புகளையும் பண்ணைகளையும் பாலர் பாடசாலைகளையும் அமைத்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். அதே வருடம் ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். ஒரு பெரிய நிறுவன அனுபவம் அத்தோடு சிதறியது. அங்கே குடும்பங்களை எப்படித் தெரிவு செய்தார்கள், காணியை எப்படிப் பகிர்ந்தார்கள் என்பது இன்று எந்த முகாமைத்துவ வகுப்பிலும் கற்பிக்கப்படுவதில்லை.

1972இல் அருட்தந்தை போல் காஸ்பர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம் இன்னொரு உதாரணம். தோட்ட மக்களின் நிலையை ஆராய்வதையும் அவர்களோடு வேலை செய்வதையும் அது ஒன்றாக வைத்திருந்தது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் கம்பளைக்கு அருகே, பழைய லயமொன்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை நடத்துகிறது. இவை எல்லாம் தனித்தனி விளக்குகள். படிப்பாகக் கோர்க்கப்படவில்லை.

இந்தியாவில் வேறு வகை முயற்சிகள் நடந்தன. 1936இல் பம்பாயில் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் சமூக சேவையைத் தொழில்முறைக் கல்வியாக்கியது. 1979இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் வர்கீஸ் குரியன் கிராமிய முகாமைத்துவ நிறுவனத்தைத் தொடங்கினார். பால் கூட்டுறவுச் சங்கங்களை நடத்த, நகர வணிகப் பள்ளிகளில் படித்தவர்கள் போதாது என்பது அவருடைய அனுபவம். இலங்கையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் சமூகப்பணியில் பட்டங்கள் வழங்குகிறது. ஆனால் மலையகச் சமூக வரலாற்றையும் இலாப நோக்கற்ற முகாமைத்துவத்தையும் ஒரே பட்டத்தில் இணைத்த பாடநெறி எதுவும் என் தேடலில் அகப்படவில்லை.

எடுக்கக்கூடாதவை

யூதர்களின் முறையை அப்படியே பிரதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

ஒன்று, காசு. அந்தப் படிப்புகள் பெருநன்கொடையாளர்களின் பணத்தில் நிற்பவை. கல்விக்கூடத்தின் பெயரே பல இடங்களில் நன்கொடையாளரின் பெயர்தான். பணம் தருபவர் திசையையும் தீர்மானிக்கும் ஆபத்து உண்டு. படிப்புக் கட்டணமும் அதிகம், மாணவர் தொகையும் குறைவு. நம்மிடம் அந்த அளவு செல்வந்தர்களும் இல்லை. இருப்பவர்கள் கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பதைப் பாடநெறிக்குக் கொடுப்பார்களா என்பதும் கேள்வி.

இரண்டு, 'நம்ம சனம்' என்ற சொல். அதற்குள் யார் வருகிறார்? தோட்டத்துக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை, யாருடைய காம்பராவில் யார் தண்ணீர் குடிப்பார் என்பதில் சாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. சங்கங்களில் பெண்கள் காசு சேர்ப்பார்கள். தலைவர் நாற்காலியில் ஆண் இருப்பார். சமூகத்தைப் படிப்பது அதைப் புகழ்வதாக முடிந்துவிட்டால் படிக்காமலிருப்பதே மேல்.

மூன்று, அயலவர். நுவரெலியாவில் இருந்து பார்த்தால் 'மலையகம்' ஒரு தொடர்ச்சியான தமிழ் நிலம். கேகாலையில் அப்படியல்ல. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. மாவனெல்லையில் முஸ்லிம்கள் அதிகம். 2016இல் ஒரே மழைதான் சிங்களக் கிராமத்தையும் தமிழ்த் தோட்டத்தையும் புதைத்தது. சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரியாமல், பிரதேச செயலகத்தின் நடைமுறை தெரியாமல் இங்கே எந்தச் சங்கத்தையும் நடத்த முடியாது.

நமக்கென்று ஒரு பாடத்திட்டம்

அப்படியானால் நமக்கான படிப்பு எப்படி இருக்கும்? என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

முதலாவது, வரலாறு. 1823 முதல் வந்த குடிபெயர்வு, கங்காணி முறை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1970களின் தோட்டத் தேசியமயமாக்கலும் பட்டினியும், 1977உம் 1981உம், 1992 தனியார்மயமாக்கல். ஒரு குடும்பத்திடம் ஏன் ஆவணம் இல்லை என்பதற்கான விடை இவற்றில்தான் இருக்கிறது. அந்த விடை தெரியாதவர் நிவாரணப் படிவம் தயாரிக்கக்கூடாது.

இரண்டாவது, சட்டம். 1980இன் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவதற்கும், 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதிவதற்கும் என்ன வேறுபாடு, எது எந்த வேலைக்குப் பொருந்தும் என்பது.

மூன்றாவது, கணக்கு. மரண சகாய சங்கத்துக் கொப்பியில் தொடங்கி கணக்காய்வு செய்யப்பட்ட நிதிக்கூற்று வரை படிப்படியாக.

நான்காவது, மொழி. நிதி கோரும் பத்திரத்தை ஆங்கிலத்திலும், அரச கடிதத்தைச் சிங்களத்திலும், சங்கக் கூட்டக் குறிப்பைத் தமிழிலும் எழுதப் பழகுவது.

ஐந்தாவது, களம். ஒரு வருடம் ஒரு தோட்டத்துச் சங்கத்தோடு இருந்து, அதன் வரலாற்றை எழுதி, அதன் கணக்கைச் சீர்செய்து கொடுப்பது. அதுவே ஆய்வுக் கட்டுரை.

இதற்குப் புதிய பல்கலைக்கழகம் தேவையில்லை. நம் மாகாணத்தின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது. பேராதனை பக்கத்தில் இருக்கிறது. முதலில் வார இறுதிச் சான்றிதழ் வகுப்பாகத் தொடங்கினாலும் போதும். யூதர்களின் முதல் கல்லூரியும் பதினைந்து வருடத்தில் மூடப்பட்டது. அடுத்த அலை பல வருடம் கழித்தே வந்தது. ஆனால் தேவை என்ன என்பதை முதல் கல்லூரி எழுதி வைத்துவிட்டிருந்தது.

மீண்டும் அரநாயக்க

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்ற படிப்பு வர்றதுக்குள்ள எனக்கு வயசாயிருமேக்கா" என்றார்.

அவர் சொன்னது சரி. முகாமைத்துவ டிப்ளோமாவுக்கே விண்ணப்பிக்கச் சொன்னேன். வகுப்பு வார இறுதியில் நடக்கும், வேலையை விட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஒப்படைக்கும் உதாரணமாகத் தன் தோட்டத்துச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளும்படியும், விரிவுரையாளர் கேட்டால் விளக்கும்படியும் சொன்னேன். மற்றப் பாதிப் படிப்பை அம்மாவின் தகரப் பெட்டியில் தொடங்கலாம். பழைய கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, யார் எழுதியது, என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வைப்பது.

இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. 2016 மே மாதத்துப் பக்கம். நீல மையில், கோணல் எழுத்தில் மூன்று வரி. கீழ் ஊர் விகாரையில் தங்கியிருந்தவர்களுக்கு அரிசி, சீனி, தேயிலை. அதற்கு எதிரே தொகை. கீழே மூன்று கையெழுத்து.

அந்த வருடம் அந்தப் பகுதிக்கு வந்த நிறுவனங்கள் எழுதிய அறிக்கைகள் பலவற்றை வாசித்திருக்கிறேன். அவற்றில் தோட்டத்து மக்கள் நிவாரணம் பெற்றவர்களாகவே வருகிறார்கள். அவர்கள் கொடுத்தது இந்தக் கொப்பியில் மட்டும் இருக்கிறது. படத்தின் கீழே அவர் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இதை எந்தத் தலைப்பில் பதியிறது அக்கா? செலவா, நன்கொடையா?"

முதல் ஒப்படையில் அதையே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.